பேட்டரி ரம்பத்தால் வீட்டு மரங்களைக் கவாத்து செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

அரிவாளோடு மரத்தடியில் நிற்கிறவர் வெட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார். மூன்று அங்குலக் கிளை என்றால் பல வெட்டு போட வேண்டும், தோள்பட்டை விட்டுப்போகும். அதனால் தேவையான கிளையை மட்டும் வெட்டுவார். பேட்டரி ரம்பம் அந்த யோசனைக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது. விரலை அழுத்தினால் கிளை கீழே. அரை மணி நேரத்தில் ஒரு மாமரத்தை மொட்டையடித்துவிட முடியும், நிறைய வீடுகளில் அதுதான் நடக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் மெஷினைப் பற்றிச் சொல்வதைவிட எந்தக் கிளையை, எந்த இடத்தில், எந்த மாதத்தில் அறுப்பது என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

எந்த ரம்பம் வாங்கலாம்?

வீட்டுத் தோட்டத்துக்கு நான்கு வகை கிடைக்கிறது.

முதலாவது, இப்போது எல்லோரும் வாங்கும் மினி செயின்சா. செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டுக்குத்தான் பார் என்று பெயர். நான்கு, ஆறு, எட்டு அங்குல பார் நீளங்களில் வருகிறது. பார் எத்தனை அங்குலமோ அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு தடிமன் வரையுள்ள கிளைக்குத்தான் அது சௌகரியம். நான்கு அங்குல ரம்பத்தை நான்கு அங்குலக் கிளையில் இறக்கினால் பாரின் மூக்கு, அதாவது அதன் நுனி, மரத்துக்குள்ளேயே புதைந்து நிற்கும். அந்த மூக்குதான் இந்தக் கருவியிலேயே ஆபத்தான இடம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் ஆறு அங்குலம் வாங்குங்கள்.

இரண்டாவது ரெசிப்ரோகேட்டிங் ரம்பம். நீளமான பிளேடு முன்னும் பின்னும் ஓடும். தச்சர்களும் பிளம்பர்களும் வைத்திருப்பார்கள். இதில் மரக்கிளைக்கென்று தனியாக, அங்குலத்துக்கு ஐந்து பல் என்ற அளவில் பெரிய பல் வைத்த பிளேடு கிடைக்கும். என் கணக்கில் முதன்முறை வாங்குகிறவருக்கு இதுதான் நல்லது. செயின் இறுக்கும் வேலை இல்லை, ஆயில் இல்லை, எகிறி முகத்துக்கு வரும் பயமும் மிகக் குறைவு. அதிர்வு அதிகம் என்பதுதான் குறை. முன்பக்கம் இருக்கும் இரும்புத் தகட்டைக் கிளையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அறுத்தால் அதுவும் பாதியாகக் குறைந்துவிடும். தகட்டைக் கிளையில் பதிக்காமல் அறுத்தால் கிளைதான் ஆடும், அறுபடாது.

மூன்றாவது பேட்டரி கத்தரி. விரல் தடிமனுக்குக் கொஞ்சம் மேல்வரை வெட்டும். கொய்யா, எலுமிச்சை, ரோஜா, கறிவேப்பிலை வைத்திருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் கிளையை வெட்டும் அதே வேகத்தில் விரலையும் வெட்டிவிடும். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வெட்டும் பழக்கம் நமக்கு அரிவாள் காலத்திலிருந்தே இருக்கிறது. அதை இங்கே கண்டிப்பாக விட வேண்டும்.

நான்காவது கம்பு ரம்பம், அதாவது நீளக் கம்பின் முனையில் சின்ன செயின்சா. நம் தொரட்டியின் மோட்டார் வைத்த தம்பி. உயரக் கிளைக்கு ஏணி வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

பெட்ரோல் செயின்சா வீட்டுக் கவாத்துக்குத் தேவையே இல்லை. எண்ணெய் கலக்க வேண்டும், கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும், ஒரு கிளை முடிந்து அடுத்த கிளைக்குப் போகும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி ரம்பம் விரலை எடுத்ததும் நின்றுவிடும். சத்தமும் குறைவு. ஆனால் சத்தம் குறைவாக இருப்பதாலேயே அது விளையாட்டுச் சாமான் மாதிரி தோன்றும், குழந்தைகள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். வேலை முடியும் வரை அவர்களை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

வோல்ட் கணக்கில் ஏமாறாமல் இருக்க

ஆன்லைனில் விலை மலிவான ரம்பங்களின் பெட்டியில் 48 வி.எஃப், 88 வி.எஃப் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது வோல்ட் அல்ல, விற்பனைக்காக ஒட்டிய எண். உண்மை தெரிய வேண்டுமென்றால் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் 21 வோல்ட் என்று இருந்தால் உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. பெரிய கம்பெனிகள் சில 18 வோல்ட் என்றும் சில 20 வோல்ட் மேக்ஸ் என்றும் போடுவது இதே ஐந்து செல் பேட்டரியைத்தான்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு வோல்ட்டை ஆம்பியர் அவரால் (ஏ.ஹெச்) பெருக்குங்கள். 18 வோல்ட், 2 ஏ.ஹெச் என்றால் 36 வாட் அவர். 4 ஏ.ஹெச் என்றால் 72. இரண்டு மரம் இருக்கும் வீட்டுக்கு 36 வாட் அவர் பேட்டரி இரண்டு போதும். ஒன்று தீரும் நேரத்தில் உங்கள் கையும் தீர்ந்திருக்கும், ஓய்வெடுத்துவிட்டு மற்றதை மாட்டலாம். வீட்டில் ஏற்கெனவே டிரில்லோ கிரைண்டரோ பேட்டரியில் இருந்தால் அதே பேட்டரியில் ஓடும் ரம்பத்தை பேட்டரி இல்லாமல் வெறும் உடலாக வாங்குவது லாபம்.

எந்த மாதத்தில்?

இதில் தவறினால் ஒரு வருட காய்ப்பு போய்விடும். மாமரம் முற்றிய கிளை நுனியில்தான் பூக்கும். ஆகவே காய் பறித்து முடித்த கையோடு, ஆனி கடைசி முதல் ஆவணிக்குள் கவாத்தை முடித்துவிட வேண்டும். பிறகு வரும் தளிர் முற்றி மார்கழி, தையில் பூக்க நேரம் கிடைக்கும். கார்த்திகையில் போய் ரம்பத்தை எடுத்தால் நீங்கள் அறுப்பது அடுத்த கோடையின் மாங்காயை.

கொய்யா நேர்மாறு. அது புதுத் தளிரில்தான் பூத்துக் காய்க்கும். வெட்ட வெட்டக் காய்க்கும் மரம் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. செப்டம்பர் அக்டோபரில் ஒரு முறை, பிப்ரவரி மார்ச்சில் ஒரு முறை நுனிக் கவாத்து செய்யலாம்.

வேம்பு, புங்கை, வாகை, பூவரசு போன்ற நிழல் மரங்களுக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆடி ஆவணியில் காய்ந்த கிளையையும் வீட்டுப் பக்கம் சாய்ந்த பாரத்தையும் எடுத்துவிட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாய்ந்த ஆயிரக்கணக்கான மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் புயல் எச்சரிக்கை வந்த பிறகு, காற்றடிக்கும்போது ரம்பத்தோடு இறங்காதீர்கள்.

காய்ந்த கிளைக்கு மட்டும் மாதக் கணக்கு கிடையாது. எப்போது பார்த்தாலும் எடுக்கலாம்.

ரம்பத்தைத் தொடும் முன்

முதலில் மேலே பாருங்கள். மின்கம்பி கிளையைத் தொட்டுக்கொண்டோ அதன் அருகிலோ போனால் அந்த மரம் உங்கள் வேலை இல்லை. அறுபட்ட கிளை எந்தப் பக்கம் சுழன்று விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும், கம்பு ரம்பத்தின் அலுமினியக் கம்பு அதைவிட நன்றாகக் கடத்தும். தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொன்னால் லைனை நிறுத்திவிட்டு ஆட்களே வந்து வெட்டுவார்கள். நாள் ஆகலாம். ஆகட்டும்.

அடுத்து மரத்தையே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மாமரத்தில் இலைகளை ஒட்டித் தைத்து முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். கிளையை அசைத்ததும் கை வழியாக ஏறிக் கடிக்கும், ஓடும் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தட்டிவிட முடியாது. மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும். தேன்கூடு, குளவிக்கூடு இருந்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள். காக்கையோ அணிலோ குஞ்சு வைத்திருந்தால் அந்தக் கிளையை மட்டும் ஒரு மாதம் தள்ளிப் போடலாம்.

பால் வடியும் மரம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அரிவாளில் பால் சொட்டும். செயினில் அது பீச்சியடிக்கும். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும். அரளிப் பால் விஷம். திருகுகள்ளி வேலியை பேட்டரி ரம்பத்தால் அறுப்பது எல்லாவற்றையும்விட மோசம், அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கள்ளிக்கு நீளக் கைப்பிடி கத்தரியே போதும்.

தெருவோர மரம் உங்கள் வீட்டு வாசலில் நின்றாலும் அது மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தம். அனுமதி வாங்காமல் கைவைக்கக் கூடாது. சந்தன மரம் உங்கள் சொந்த நிலத்தில் தானாக முளைத்து வளர்ந்திருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் வெட்ட முடியாது.

உடை விஷயம் சுருக்கமாக: லுங்கி, வேட்டி, துப்பட்டா, தொங்கும் துண்டு எதுவும் வேண்டாம். பேன்ட், மூடிய ஷூ, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி, கையுறை. தலைக்கு மேலே அறுப்பதாக இருந்தால் ஹெல்மெட். பைக் ஹெல்மெட் சரிவராது, மேலே பார்க்கவும் முடியாது, சத்தமும் கேட்காது. கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் ஹெல்மெட் போதும்.

செயினைத் தயார் செய்வது

எந்தச் சரிபார்ப்புக்கும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவதுதான். ஸ்விட்சை விட்டுவிட்டேன், லாக் போட்டுவிட்டேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

செயின் சரியான திசையில் இருக்கிறதா பாருங்கள். பாரின் மேல்பக்கத்தில் வெட்டும் பற்களின் கூர்முனை உங்களுக்கு எதிர்த்திசையில், மூக்கை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் ரம்பம் புகை கிளப்பும், அறுக்காது. புது ரம்பம் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்களில் சிலருடைய பிரச்சினை இதுவாகத்தான் இருக்கும்.

பிறகு இறுக்கம். பாரின் நடுவில் செயினை இரு விரலால் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் தூக்க வர வேண்டும், ஆனால் அடிப்பல் பாரின் பள்ளத்தைவிட்டு முழுதாக வெளியே வரக்கூடாது. கையுறையோடு செயினை இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். புதுச் செயின் முதல் சில நிமிடங்களில் நீளும், அதனால் நான்கைந்து கிளைக்குப் பிறகு மறுபடி பாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது சுருங்கி பாரை நெரிக்கும்.

ஆயில் நிறைய பேர் விட்டுவிடும் விஷயம். மலிவான மினி ரம்பங்கள் பலவற்றில் தானாக ஆயில் விடும் வசதி கிடையாது. சிலவற்றில் ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினால்தான் சொட்டும். ஐந்தாறு அறுப்புக்கு ஒரு முறை பாரின் பள்ளத்தில் சில சொட்டு விடுங்கள். செயின் ஆயில் கிடைக்காத ஊரில் சமையல் எண்ணெய் போட்டும் ஓட்டலாம், பழமரத்துக்கு அது ஒருவிதத்தில் நல்லதும்கூட. ஆனால் அப்படியே வைத்துவிட்டால் காய்ந்து பிசினாகிவிடும். அன்றே துடைத்துவிட வேண்டும்.

எந்தக் கிளை?

மெஷினைக் கீழே வைத்துவிட்டு ஒரு சுண்ணாம்புக் கட்டியோ கலர் ரிப்பனோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கப்போகும் கிளைகளில் அடையாளம் வையுங்கள். வரிசை இப்படி: முதலில் காய்ந்தவை, நோய் தாக்கியவை, முறிந்தவை. அடுத்து ஒன்றோடொன்று உரசும் இரண்டில் பலவீனமானது. அடுத்து மரத்தின் உள்நோக்கி வளர்வது. அடிமரத்திலிருந்து நேராக, குச்சி மாதிரி விறுவிறுவென்று மேலே போகும் நீர்ப்போத்துகள். கடைசியாகத்தான் வீட்டு மேல் சாய்ந்தது, ஜன்னலை மறைப்பது.

அடையாளம் வைத்த பிறகு தள்ளி நின்று மொத்த மரத்தையும் பாருங்கள். பச்சைத் தழையில் கால்வாசிக்கு மேல் போகும் போலத் தெரிந்தால் சில ரிப்பன்களை அவிழ்த்துவிடுங்கள், அவை அடுத்த வருடத்துக்கு. தலையை மொத்தமாக வெட்டி மொட்டையாக்கினால் மரம் பயந்துபோய் வெட்டிய இடத்தைச் சுற்றி டஜன் கணக்கில் போத்து விடும். பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருக்கும். ஆனால் அவை பட்டைக்கு அடியிலிருந்து மட்டும் கிளம்பியவை, மரத்தோடு ஆழமான பிடிப்பு இல்லை. மூன்று நான்கு வருடத்தில் கனமாகி, காற்றில் பிய்த்துக்கொண்டு வரும். உயரத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் நுனியை வெட்டாமல், அந்தக் கிளையில் பக்கவாட்டில் போகும் நல்லதொரு துணைக்கிளை பிரியும் இடம்வரை வந்து அங்கே அறுங்கள்.

அறுப்பு: மூன்று வெட்டு

கட்டைவிரலைவிடத் தடித்த எந்தக் கிளைக்கும் ஒரே வெட்டு கூடாது. மேலிருந்து நேராக அறுத்தால் பாதியில் கிளை தன் பாரத்தில் சாயும், அடிப்பக்கப் பட்டை அடிமரம்வரை உரிந்துகொண்டு வரும். முருங்கையில் இது ஒரு முழம் நீளத்துக்குக்கூட உரியும்.

முதல் வெட்டு கீழிருந்து. அடிமரத்திலிருந்து சுமார் ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் தடிமனில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. அதற்கு மேல் போனால் கிளை இறங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். இங்கே ஒரு விஷயம்: பாரின் மேல்பக்கத்தால் அறுக்கும்போது செயின் ரம்பத்தை உங்களை நோக்கித் தள்ளும். கீழ்ப்பக்கத்தால் அறுக்கும்போது முன்னால் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கீழ் வெட்டில் கை விறைப்பாக இருக்கட்டும், உடம்பு ரம்பத்துக்கு நேர் பின்னால் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கட்டும்.

இரண்டாவது வெட்டு மேலிருந்து, முதல் வெட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியே. ரம்பத்தை மரத்தில் வைப்பதற்கு முன்பே முழு வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாரின் மூக்கால் தொடாமல் மோட்டாருக்கு அருகிலுள்ள பகுதியால் தொடங்குங்கள். அழுத்த வேண்டாம், கருவியின் பாரமே போதும். கீழ் வெட்டுக்கு நேரே வந்ததும் கிளை பட்டையை உரிக்காமல் படக்கென்று முறிந்து விழும்.

இப்போது மரத்தில் ஒரு அடி முண்டு நிற்கும். மூன்றாவது வெட்டுதான் மரத்துக்கான வெட்டு, முதல் இரண்டும் உங்கள் பாதுகாப்புக்கானவை. முண்டின் அடியை உற்றுப் பாருங்கள். கிளை அடிமரத்தோடு சேரும் இடம் கொஞ்சம் உப்பலாக, கழுத்தில் போட்ட வளையம் மாதிரி இருக்கும். மாமரத்தில் அந்த இடத்தில் பட்டை மடிப்பு மடிப்பாகத் தெரியும். மேல்பக்கக் கவட்டில் பட்டை சுருங்கி ஒரு வரி ஓடும். அந்த வரிக்கும் உப்பலுக்கும் ஒட்டி வெளியே, உப்பலைத் தொடாமல் அறுக்க வேண்டும். அறுப்பு செங்குத்தாக இருக்காது, மேலிருந்து கீழே கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாயும்.

அடிமரத்தோடு வழவழப்பாக அறுப்பதுதான் சுத்தமான வேலை என்று பலர் நினைக்கிறார்கள், மரம் வெட்ட வருபவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ மரங்களைச் செயின்சாவால் நெடுக்குவாட்டில் பிளந்து பிளந்து பார்த்து, இது தவறு என்று 1970, 80களில் நிறுவினார். மரத்தின் காயம் நம் காயம் போல ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி மூடுகிறது. அந்தச் சுவரைக் கட்டும் இடம்தான் இந்த உப்பல். அதை அறுத்தால் அழுகல் நேராக அடிமரத்துக்குள் இறங்கும். மறுபக்கம், முழ நீளத்துக்கு முண்டை விட்டாலும் மரத்தால் அதை மூட முடியாது. முண்டு காய்ந்து கறையானுக்கு வாசலாகும்.

சரியாக அறுத்தீர்களா என்று அடுத்த வருடம் மரமே சொல்லும். காயத்தைச் சுற்றி முழு வட்டமாகப் புதுப் பட்டை திரண்டிருந்தால் வெட்டு சரி. இரண்டு பக்கம் மட்டும் திரண்டு, மேலும் கீழும் திறந்திருந்தால் அடிமரத்தை ஒட்டிப் போய்விட்டது.

எகிறலும் சிக்கலும்

பாரின் மூக்கில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் ஓடும் செயின் அங்கே கொக்கி போட்டு, மொத்த ரம்பத்தையும் மேலே, உங்கள் பக்கமாக எகிற வைக்கும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. மினி ரம்பம் எடை குறைவு என்பதால் எகிறலைத் தடுக்க மணிக்கட்டு மட்டும்தான் இருக்கிறது. பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு கிளையை மூக்கு தொடுவதுதான் வழக்கமான காரணம். ஆகவே அறுக்கும் கிளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். இரண்டு கைக்கும் பிடி உள்ள ரம்பமாக இருந்தால் இரண்டு கையாலும் பிடியுங்கள். ஒரு கைப் பிடிதான் என்றால் மற்றக் கை அறுப்புக்கு ஒரு முழத்துக்குள் வரவே கூடாது.

ரம்பம் சிக்கிக்கொண்டால் ஸ்விட்சை அமுக்கிக்கொண்டே இழுக்காதீர்கள். நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, கிளையின் நுனியை வேறொருவர் தூக்க, வெட்டு விரிந்ததும் ரம்பத்தை எடுங்கள். யாரும் இல்லையென்றால் சிக்கிய இடத்துக்கு வெளியே கைரம்பத்தால் அறுத்துப் பாரத்தைக் குறைக்கலாம். ஒரு கைரம்பம் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

தலைக்கு மேலே

ஏணியில் நின்று செயின்சா ஓட்ட வேண்டாம். அறுபட்ட கிளை கீழே விழும்போது அதன் அடி ஊசல் போல ஆடி வந்து ஏணியை அடிக்கும். பாரம் போனதும் ஏணி சாய்ந்திருந்த கிளையே மேலே எழும்பி ஏணியை விட்டுவிடும். இரண்டையும் மேலே நின்றுகொண்டு தவிர்க்க வழியில்லை.

கம்பு ரம்பம் என்றால் கிளைக்கு நேர்கீழே நிற்காதீர்கள். கம்பு தரையோடு சுமார் 60 பாகைக்கு மேல் நிமிராமல், சாய்வாகப் பிடித்து அறுங்கள். முன்பக்கம் கனமாக இருக்கும், தோளுக்குப் பட்டை இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். நீளக் கிளையை நுனியிலிருந்து இரண்டடி இரண்டடித் துண்டாக எடுத்துக்கொண்டே வந்தால் பாரம் குறைந்துவிடும், கடைசி வெட்டில் பட்டை உரியாது. பின்னால் ஓடிப்போக வழி இருக்கிறதா, காலில் தடுக்கத் தழை கிடக்கிறதா என்று ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் பாருங்கள்.

ஓட்டின் மேலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேலோ நீண்டிருக்கும் கிளை, ஐந்து அங்குலத்துக்கு மேல் தடித்த கிளை, மரம் ஏறித்தான் எடுக்க முடியும் என்கிற கிளை: இவை மூன்றுக்கும் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த மரமேறியைக் கூப்பிடுங்கள். உங்கள் ரம்பத்தை அவர் கீழே போட்ட கிளைகளைத் துண்டு போடப் பயன்படுத்தலாம்.

மரத்துக்கு மரம்

முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்னார்கள், அது உண்மைதான். பி.கே.எம் 1 போன்ற செடிமுருங்கையை ஒரு காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் அறுத்துவிட்டால், தழைத்து நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். மரம் பஞ்சு போல மிருது, நார் ஈரமாக வரும். செயின் மூடிக்குள் அந்த நார் அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வெட்டுக்கு ஒரு முறை பேட்டரியைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து எடுக்க வேண்டும்.

பலா அடிமரத்திலும் தடித்த கிளையிலும் முளைக்கும் குட்டைத் தளிர்களில்தான் காய்க்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அவற்றை வழித்தால் பலாப்பழம் கிடையாது. சப்போட்டாவுக்குக் கவாத்தே பெரிதாக வேண்டாம். அது பெரும்பாலும் பாலா மரத்தின் மேல் ஒட்டுக் கட்டியது என்பதால், ஒட்டுக்குக் கீழே அடியிலிருந்து வரும் தளிர்களை மட்டும் எடுத்தால் போதும். விட்டால் பாலா ஜெயித்துவிடும்.

எலுமிச்சையில் சொறிநோய் இருந்தால் ஒரு மரத்தில் ஓடிய ரம்பம் அடுத்த மரத்துக்கு அதைக் கொண்டுபோகும். வேம்பின் நுனி கருகல் நோய்க்கும் இதே எச்சரிக்கை. மரம் மாறும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு பிளேடையும் செயினையும் 70 சதவீத ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடர் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும், வேண்டாம்.

தென்னை மட்டைக்குச் செயின்சா சரிவராது. நார் சுற்றிக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும். அதற்கு அரிவாளை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை.

காயத்துக்கு மருந்து

சின்ன வெட்டுகளுக்கு ஒன்றும் பூச வேண்டாம். பெயிண்டும் தாரும் ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதால் அழுகல்தான் கூடும். மா போன்ற பழமரங்களில் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான வெட்டு இருந்து, மழையும் நெருங்குகிறது என்றால் போர்டோ பசை தடவலாம். பூஞ்சணம் வராமல் தடுப்பதற்குத்தான் அது, காயத்தை ஆற்றாது.

இந்தப் பசையை வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறொரு வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் தாளித்து ஆறவிடுங்கள். இரண்டையும் கலக்கிக்கொண்டே சேருங்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. செய்த அன்றே தடவிவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் இருக்காது.

வேலை முடிந்த பிறகு

செயின் மூடியைக் கழற்றித் தூளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள். பலா, மா, சப்போட்டா பால் ஒட்டியிருந்தால் தண்ணீரில் போகாது. பலாப்பழம் அரிந்த கையைத் துடைப்பது போல எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். அறுக்கும்போது சீவல் சீவலாக வராமல் மாவாக வந்தது என்றால் செயின் மழுங்கிவிட்டது. வட்ட அரத்தால் தீட்டலாம், ஆனால் மினி ரம்பத்தின் செயின் விலை குறைவு, பல்லும் சின்னது. முதல்முறை தீட்டப் பழகுகிறவர் பழைய செயினில் பழகிக்கொண்டு ரம்பத்தில் புதியதை மாட்டுவது நல்லது.

பேட்டரியைச் சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். மாடித் தகரக் கொட்டகையிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்க வேண்டாம். அடுத்த கவாத்து ஆறு மாதம் கழித்துத்தான் என்றால் பாதி சார்ஜில் கழற்றி, வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வையுங்கள். முழு சார்ஜிலோ முற்றிலும் காலியாகவோ மாதக்கணக்கில் கிடந்தால் செல் கெடும்.

வெட்டிய கொம்புகளில் மரமுருங்கைக் கிளை இருந்தால் விறகில் சேர்க்காதீர்கள். கைமணிக்கட்டுத் தடிமனில், மூன்று முதல் ஐந்து அடி நீளமுள்ள முற்றிய போத்தாகப் பார்த்து எடுத்து, மேல்முனையில் சாணத்தை உருண்டையாக அப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றிவிடுங்கள். எது மேல் எது கீழ் என்று குழம்பாமல் இருக்க அறுக்கும்போதே மேல்முனையைச் சாய்வாக அறுத்துவைப்பது நல்லது.